உதட்டசைவு தெளிவு

நகர இசை ஊக்குவிப்பு வாரியத்தின் கட்டடத்துக்குள் இசை கேட்டதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. வாசலில் நுழைந்ததும் ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு பலகை. மாடிப்படியில் இன்னொன்று. கழிப்பறைக் கதவில் மூன்றாவது. கீழ்த்தளத்தில் விண்ணப்பங்களை வாங்குவார்கள், முதல் மாடியில் அவற்றைத் திருப்பித் தருவார்கள், இரண்டாம் மாடியில் தலைவர் இருப்பார். வாரியத்தைத் தொடங்கியது என்னவோ இசையை ஊக்குவிக்கத்தான். ஊக்குவிப்பதை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று விதிகள் போட்டார்கள். விதிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டார்கள். ஆட்களுக்கு நாற்காலி போட்டார்கள். நாற்காலி போட்டு முடித்தபோது இடம் தீர்ந்துவிட்டதால் இசை பெயர்ப்பலகையோடு வெளியிலேயே நின்றுகொண்டது.

ஒரு திங்கட்கிழமை காலை இந்தக் கட்டடத்துக்குள் மைக்காரர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் மனைவியே போனை எடுத்தால் “மைக்காரர் வீடுதாங்க” என்றுதான் சொல்வாள். இரண்டு ஸ்பீக்கர், அவற்றைத் தூக்கி நிறுத்த இரண்டு ஸ்டாண்டு, சத்தத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் பெட்டிக்குள் அடங்கும் ஒரு மிக்ஸர், பழைய காலுறைகளுக்குள் தனித்தனியாகப் படுத்திருக்கும் ஐந்து மைக். எல்லாம் ஒரு சின்ன வேனின் முதுகில் அடங்கிவிடும். வேன் கதவைத் திறந்த இருபத்திரண்டாவது நிமிடம் மேடையில் நின்று “ஹலோ” சொல்லிவிடுவார். இருபத்து மூன்றாவது நிமிடம் ஆகிவிட்டால் அன்று முழுக்க அவருக்கு மனசு சரியாக இருக்காது.

அவர் வந்த காரணம் அவருடைய தங்கச்சி. தையல் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பதினைந்து வருடமாக அடுத்தவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு கோரஸ் பாடியவள். இப்போது முதன்முறையாக, கீபோர்டுக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர் என்று சேர்த்துக்கொண்டு, பூங்கா மேடையில் ஒரு மணி நேரம் தனியாகப் பாடப்போகிறாள். அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. அவளுடைய குரல் மெல்லிசு. மற்ற சவுண்டுக்காரர்கள் “கொஞ்சம் கத்திப் பாடும்மா” என்பார்கள். கத்தினால் அந்தக் குரலில் இருப்பது எல்லாம் போய்விடும் என்று தெரிந்தவர் மைக்காரர் ஒருவர்தான்.

“நீ எப்பவும் பாடுற மாதிரி பாடு. கடைசி வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என் பொறுப்பு” என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

இடையில் வாரியம் புது விதி ஒன்றைப் போட்டுவிட்டது. நேரடி இசைக்காக எங்கேயாவது எடுத்துப்போய் நிறுவும் எந்த ஒலி அமைப்புக்கும் ஒலித் தகுதிச் சான்று வேண்டும். சான்று இல்லாத செட்டு பூங்கா கேட்டைத் தாண்டாது.

கீழ்த்தளத்து எழுத்தர் விண்ணப்பத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். “கருவி அதிகபட்சம் எவ்வளவு சத்தம் போடும்?”

“எவ்வளவு வேணுமோ அவ்வளவுங்க.”

எழுத்தர் அந்தக் கட்டத்தில் ‘அளவில்லை’ என்று எழுதினார். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது. “அளவில்லாத சத்தம்னா பேரிடர்ப் பிரிவு கையெழுத்து வேணுமே” என்றார்.

“ஐயோ, குறைக்கலாங்க. திருகினா குறையும்.”

“குறைஞ்சா எவ்வளவு?”

“சுத்தமா இல்லாமலும் பண்ணலாம்.”

எழுத்தர் ‘அளவில்லை’யை அடித்துவிட்டு ‘சத்தம் இல்லை’ என்று எழுதினார். சத்தமே இல்லாத கருவிக்கு ஒலித் தகுதிச் சான்று எதற்கு என்று உடனே அவருக்கு நியாயமான சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தோடு மைக்காரரை முதல் மாடிக்கு அனுப்பி வைத்தார்.

முதல் மாடியில்தான் வயரு இருந்தான். பன்னிரண்டு வருடம் மைக்காரரோடு சேர்ந்து செட்டு கட்டியவன். தோளில் எப்போதும் சுருட்டிய வயரோடு திரிந்ததால் அந்தப் பெயர். ஒரு ஸ்பீக்கரின் இந்தக் கைப்பிடியை மைக்காரர் பிடித்தால் அந்தக் கைப்பிடியில் வயருவின் கை இருக்கும். இருவரும் “தூக்கு” என்று சொல்லிக்கொண்டதே கிடையாது, மூச்சை வைத்தே தூக்கிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாரியத்தில் தொழில்நுட்ப நிபுணராகச் சேர்ந்துவிட்டான். தோளில் வயர் போய், கழுத்தில் அடையாள அட்டை வந்திருந்தது.

மைக்காரரைப் பார்த்ததும் வயரு நாற்காலியை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டான். “நீ ஏண்டா வரிசையில நிக்கிற? நான் இருக்கேன்ல.”

மைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

புதன்கிழமை சோதனைக்கு நாள் குறித்தார்கள். சோதனையை வாரியக் கட்டடத்துக்குள்தான் நடத்த வேண்டும் என்பது விதி. வாரியக் கட்டடத்துக்குள் சத்தம் கூடாது என்பதும் விதி. இரண்டையும் மீறாமல் மைக்காரர் கூட்ட அறையில் செட்டை முழுக்கக் கட்டினார். ஸ்டாண்டை விரித்தார், ஸ்பீக்கரை ஏற்றினார், வயர்களைக் கால் தடுக்காமல் தரையோடு ஒட்டினார், மைக்கை நிறுத்தினார். மின்சாரம் மட்டும் கொடுக்கவில்லை. சோதனைக் குழு உறுப்பினர்கள் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள்.

“பார்வைக்கு நல்ல சத்தமாத்தான் இருக்கு” என்றார் மூத்த உறுப்பினர்.

“ஒரு தடவை ஹலோ சொல்லிக் காட்டுங்க” என்றார் இரண்டாமவர். “குரல் வேண்டாம்.”

மைக்காரர் வயருவைப் பார்த்தார். வயரு கண்ணாலேயே ‘சொல்லு’ என்றான். மைக்காரர் வாயை மட்டும் அசைத்து ஹலோ சொன்னார். அவர் வாழ்க்கையில் சத்தம் வராத முதல் ஹலோ அதுதான். காது அடைத்துப் போனவர் போல ஒரு நிமிடம் நின்றார். இரண்டாமவர் திருப்தியாகத் தலையாட்டி, குறிப்பேட்டில் ‘உதட்டசைவு தெளிவு’ என்று எழுதினார்.

மூன்றாவது உறுப்பினர் இளையவர், சட்டம் படித்தவர். “எடுத்துச் செல்லக்கூடியதுன்னு போட்டிருக்கீங்க. எடுத்துச் சென்று காட்டுங்க” என்றார். மைக்காரர் எல்லாவற்றையும் கழற்றி, தூக்கிப்போய் அடுத்த அறையில் கட்டினார். அங்கிருந்து கழற்றி மேல்மாடி வராந்தாவில் கட்டினார். அங்கே எட்டிப் பார்த்த ஓர் அதிகாரி, தான் பார்த்தது கணக்கில் வராது, கீழ்த்தளத்தில் பார்த்தால்தான் வரும் என்றதால் மறுபடி இறக்கினார். ஸ்பீக்கரின் மறுபக்கத்துக் கைப்பிடி அன்று முழுக்க வெறுமனே இருந்தது. வயரு கூடவே நடந்து வந்தான், கையில் கோப்பு இருந்தது.

எல்லாம் முடிந்ததும் சட்டம் படித்தவர் பேனாவை மூடினார். “ஒரு சிக்கல் இருக்கு. கையில இருக்கும்போது இது சத்தம் போடாது. சத்தம் போடும்போது கையில இருக்காது. அப்ப சட்டப்படி இது ரெண்டு கருவி. ரெண்டு விண்ணப்பம் குடுக்கணும்.”

மைக்காரர் இன்னொரு விண்ணப்பம் எழுதினார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் படியிறங்கி வந்தார். செட்டைச் சுற்றி ஒரு வலம் வந்து, மைக்கின் தலையைத் தட்டிப் பார்த்து, சத்தம் வராததில் மகிழ்ந்து, நின்ற இடத்திலேயே ஒரு சிறு உரை ஆற்றினார்.

“நான் பொறுப்புக்கு வந்து ஆறு வருஷம் ஆகுது. இந்த ஆறு வருஷத்துல வாரியத்தோட அனுமதி வாங்கி நடந்த நிகழ்ச்சிகள்ல ஒன்னுல கூடப் புகார் வந்தது கிடையாது.”

“எத்தனை நிகழ்ச்சிங்க ஐயா?” என்று மைக்காரர் கேட்டுவிட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அனுமதியே குடுக்கலையேப்பா. அப்புறம் எப்படிப் புகார் வரும்?” என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வது போல. “ஆனா பூங்காவுல ஒரு நிகழ்ச்சி நடந்தாகணும்னு மேலிடத்துல சொல்றாங்க. வாரியம் இசைக்காக என்ன பண்ணுச்சுன்னு படம் அனுப்பணுமாம்.” போகும்போது வயருவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். வயரு இரண்டு தடவை தலையாட்டினான்.

திரும்பி வந்த வயரு மைக்காரரின் தோளில் கை போட்டான். “முடிஞ்சுது. ரெண்டே வேலைதான் பாக்கி. செட்டுக்கு சீல் வச்சு இங்கேயே வச்சிருப்போம், ஞாயித்துக்கிழமை வாரியத்து வண்டியிலேயே பூங்காவுக்கு வந்துடும். உனக்கு அலைச்சல் மிச்சம். அப்புறம், தங்கச்சி குரலுக்கு எதை எங்க வைப்பேன்னு மிக்ஸர்ல குறிச்சுக் குடுத்துடு. கோப்புல இருக்கணும்.”

செட்டு கட்டுகிறவர்கள் மிக்ஸரின் கீழ்விளிம்பில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, எந்த வரிசை யாருக்கு என்று எழுதிக்கொள்வார்கள். மைக்காரர் அதோடு நிற்கமாட்டார். ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் பென்சிலால் முடி கனத்தில் ஒரு கோடு போடுவார். தங்கச்சியின் குரலுக்கான கோடுகளைக் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக் கூடத்திலும் மொட்டை மாடியிலும் அவளை நிற்கவைத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி, மனைவியின் வசவுகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு கண்டுபிடித்த கோடுகள். அவற்றை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. வயரு ‘யாரும்’ இல்லையே.

“அடிக்குரலைக் கொஞ்சம் குறைச்சிடு, இல்லைன்னா மூக்கடைச்ச மாதிரி இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே டேப்பை ஒட்டி, கோடு கோடாகப் போட்டார். “நடுவுல இவ்வளவு. எதிரொலி இங்க வரைக்கும்தான், இதுக்கு மேல போனா அவ சொல்ற வார்த்தை கரைஞ்சிடும்.” வயரு ஒன்றுவிடாமல் போனில் படம் எடுத்துக்கொண்டான். அவன் அவ்வளவு கவனமாகக் கேட்டதில் மைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய நாள் திரும்பி வந்ததாக அந்த மனுஷன் நம்பினார்.

வீட்டுக்கு வந்து, செட்டுக்குக் கொடுத்த ரசீதை மேஜைமேல் வைத்தார். மனைவி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “செட்டைக் குடுத்துட்டு சீட்டை வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

“நம்ம வயருதானே.”

“அவர் கழுத்துல இப்ப வயரா தொங்குது? அட்டைல்ல தொங்குது.”

மைக்காரர், அவளுக்கு யாரையும் நம்பத் தெரியாது என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த வாரத்தில் தங்கச்சி இரண்டு தடவை போன் செய்தாள். தொண்டைக்கு வெந்நீர் குடிப்பதாகச் சொன்னாள். எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில் என்று சொன்னாள். மூன்றாவது பாட்டை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றாள். “நான் இருக்கேன்ல” என்றார் மைக்காரர். யாரிடமிருந்து அந்த வாக்கியத்தை எடுத்தோம் என்று அவருக்கு நினைவில்லை.

ஞாயிறு மூன்றரை மணிக்கே பூங்காவுக்குப் போய்விட்டார். மேடையில் அவருடைய செட்டு ஏற்கனவே கட்டப்பட்டிருந்தது. அவர் கட்டுகிற மாதிரியே, வயர்களைத் தரையோடு ஒட்டி, சுத்தமாக. ஸ்பீக்கர்களின் நெற்றியில் ஆளுக்கொரு பட்டை சுற்றியிருந்தது. ‘வாரியத்தின் மாதிரி ஒலி அமைப்பு. வடிவமைப்பு: தொழில்நுட்ப நிபுணர்.’ மைக்காரர் இரண்டு தடவை படித்தார். ஸ்பீக்கரின் மூலையில் போன வருடம் தான் இடித்து உண்டாக்கிய நசுங்கல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

மேடைப் படியில் காவலாளி கையை நீட்டி மறித்தார். “அட்டை இருக்கா?”

“செட்டே என்னுதுங்க.”

“செட்டுக்கு அட்டை இருக்கு. உங்களுக்கு இருக்கா?”

வயரு மிக்ஸர் மேஜையிலிருந்து எழுந்து வந்தான். முகத்தில் சங்கடம் இருந்தது. அதையும் கோப்பில் வைக்கலாம் போல அளவாக இருந்தது. “கோவிச்சுக்காதடா. விதி அப்படி. சான்று வாங்காத ஆள் சான்று வாங்கின செட்டைத் தொடக்கூடாது.”

“ஆளுக்குச் சான்று யார் குடுக்கணும்?”

“நான்தான்.”

“அப்ப குடேன்.”

“அதெப்படிடா? தெரிஞ்சவனுக்குக் குடுத்துட்டான்னு சொல்வாங்க. நீ மட்டும் முன்னப்பின்ன தெரியாத ஆளா இருந்திருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன். நேர்மைன்னு ஒன்னு இருக்குல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “பாடகரே ஒத்துக்கிட்டாங்க. நீ ஏன் பிரச்சினை பண்ற?”

கோப்பைத் திறந்து காட்டினான். ‘பாடகர் ஒப்புதல்: ஒலி இயக்குபவரை வாரியமே நியமித்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை.’ கீழே தங்கச்சியின் கையெழுத்து. அதற்கும் கீழே தேதி. கையெழுத்துப் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மேடைக்குப் பின்னால் அவள் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கண்ணாடியைக் கீழே வைத்தாள். “அண்ணா, போடலைன்னா நிகழ்ச்சியே கிடையாதுன்னு சொன்னாங்க. உனக்குத் தெரியும்னு வயரு அண்ணன் சொன்னாரு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அவள் தன் கைவிரல்களைப் பார்த்தாள். “கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு இருந்துச்சு. பதினஞ்சு வருஷம் அண்ணா.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கவே மாட்டார். “போய்ப் பாடு தாயி” என்றுதான் சொல்லியிருப்பார். அது அவளுக்குத் தெரியவில்லை. வயரு கொடுத்தது ஓர் அடி என்றால் இது வேறு ஓர் அடி, எங்கே பட்டது என்று தடவிப் பார்க்கக்கூட முடியவில்லை. “வெந்நீர் குடிச்சியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

முன்வரிசைகள் வாரியத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவரிசைகள் வாரியத்தின் குடும்பங்களுக்கு. மைக்காரருக்குக் கடைசி வரிசையின் ஓரத்தில் இடம் கிடைத்தது.

ஐந்து மணிக்குத் தலைவர் மைக்கைப் பிடித்தார். தங்கச்சியின் குரலுக்காக நான்கு வருடம் இழைத்து வைத்த அளவுகளில் தலைவரின் குரல் தேனாக ஒழுகியது. அதைக் கேட்டு முதலில் சொக்கிப்போனவர் தலைவர்தான். ஐந்து நிமிடம் பேச வந்தவர் நாற்பது நிமிடம் பேசினார்.

“பாட்டு வேண்டாம்னு வாரியம் என்னைக்குமே சொன்னதில்லை. பாட்டு இல்லைன்னா எங்களுக்கு என்ன வேலை? பாட்டைத் தடுக்க பாட்டு வேணுமே. இன்னைக்கு இந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் குடுத்திருக்கோம். அதுல நாப்பது நிமிஷத்தை நானே கூட இருந்து நடத்திக் குடுத்துட்டேன்.”

கைதட்டல் பிரமாதமாக இருந்தது. மிச்சம் இருபது நிமிடம். தங்கச்சி மூன்று பாட்டு பாடலாம் என்றார்கள்.

முதல் பாட்டைத் தொடங்கினாள். மைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். குரல் வந்தது. ஒரு சொல் சிதறாமல், மூச்சு எடுக்கிற இடம்கூடத் தெரிகிற மாதிரி, கடைசி வரிசையின் ஓர நாற்காலி வரைக்கும் வந்து சேர்ந்தது. கொடுத்த வாக்கு அப்படியே நிறைவேறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் “எவ்வளவு தெளிவா கேக்குது, வாரியம் நல்லாத்தான் பண்ணியிருக்கு” என்றாள். ஆமாம் என்றார் மைக்காரர். பெருமையாகவும் இருந்தது, எரியவும் செய்தது. எது எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

மூன்றாவது பாட்டில் ஒரு இடம் உண்டு. குரலை நூலாக இறக்கி, கிட்டத்தட்டத் தனக்குத்தானே சொல்வது போல ஒரு வரி. ஒத்திகையில் அதற்கு முன்னால் அவள் மிக்ஸர் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள். பார்த்ததும் மைக்காரர் அவள் குரலைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஒரு விரல் அகலம் மேலே தள்ளுவார், வரி முடிந்ததும் இறக்கிவிடுவார். இதற்கு டேப்பில் கோடு கிடையாது. அன்றைக்கு அவள் மூச்சு எப்படியோ அதைப் பொறுத்தது.

அந்த இடம் வந்தது. தங்கச்சி திரும்பி மிக்ஸர் பக்கம் பார்த்தாள். அங்கே வயரு டேப்பில் இருந்த கோடுகளைப் போனில் இருந்த படத்தோடு சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்வை ஒரு நொடி அங்கேயே நின்றது. கடைசி வரிசையில் மைக்காரரின் விரல் அவருடைய முழங்கால் மேல் மெல்ல மேலே ஏறியது. கால்சட்டைத் துணி மட்டும் சுருங்கியது.

அந்த ஒரு வரி வரவில்லை. அவள் வாய் அசைவது தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தும் உதட்டசைவு தெளிவாகவே இருந்தது.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள், தலைவரோடு நின்று படம் எடுத்தார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் வாரியத்தின் தொழில்நுட்ப நிபுணருக்கு நன்றி சொன்னார். மைக்காரர் காலி வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வயரு கதவைத் தட்டினான். கையில் கோப்பு. மனைவி அவனைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். சாதாரணமாக யார் வந்தாலும் தண்ணீர் கொண்டுவந்து வைப்பவள்.

“செட்டு எங்க?” என்றார் மைக்காரர்.

“அது பத்திரமா இருக்குடா. மாதிரி அமைப்புன்னு அறிவிச்சாச்சு. மாதிரியை வெளிய விடக்கூடாது.” வயரு உட்காராமலேயே கோப்பைப் பிரித்தான். “ஒன்னே ஒன்னு விட்டுப்போச்சு. மூணாவது பாட்டுல ஒரு இடத்துல குரல் காணாமப் போயிடுச்சு. தங்கச்சியைக் கேட்டேன், அண்ணனைத்தான் கேக்கணும்னு அழுதுட்டா. அங்க நீ என்னடா பண்ணுவ? அறிக்கையில எழுதணும்.”

மைக்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்துக் கைப்பிடியில் பன்னிரண்டு வருடம் இருந்த கை இப்போது பேனாவைத் திறந்துகொண்டிருந்தது.

“நான் ஒன்னும் பண்ணமாட்டேன்டா” என்றார். “அவ என்னைப் பார்ப்பா. நான் ஏத்துவேன்.”

“பாடகர் இயக்குபவரைப் பார்ப்பார்” என்று வயரு சொல்லிக்கொண்டே எழுதினான். பிறகு நிமிர்ந்தான். “எப்பப் பார்ப்பா? ஒரு குறிப்பு வேணுமே. எத்தனாவது நிமிஷம்?”

“எழுதிக்கோ” என்றார் மைக்காரர். “இனிமே பார்க்கமாட்டா.”

வயரு அதையும் எழுதி, கீழே தேதி போட்டு, கையெழுத்துக்காகக் கோப்பை அவர் பக்கம் திருப்பினான்.